வெல்டிங் ராடுக்கு எதற்கு அடுப்பு?

போன ஐப்பசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஸ்டாண்டு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நான் கவனிக்கவில்லை. துணி காயப்போட மாடிக்குப் போன என் மனைவிதான் கீழே வந்து, "ஏங்க, நம்ம தொட்டி வில்லிவாக்கம் பக்கம் எட்டிப் பாக்குதுங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். போய்ப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2000 லிட்டர் தொட்டி. நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டும் இரண்டு டன். அது சாய்ந்த பக்கத்துக்கு நேர் கீழே எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சந்து. அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் சைக்கிளை அங்கேதான் நிறுத்துவார்கள்.

ஸ்டாண்டு என் மாமனார் காலத்தது. அவர் ரயில்வேக்காரர். 1978-இல் போட்டது. நான்கு கால்களும் பழைய தண்டவாளத் துண்டுகள். பெரம்பூரில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ரயில்வே ஏலத்தில் கழித்த தண்டவாளம் எங்கள் தெருவிலேயே கேட்டுக்குத் தூணாகவும், மாட்டுக் கொட்டகைக்கு உத்திரமாகவும், ஒரு வீட்டில் ஊஞ்சல் மாட்டும் சட்டமாகவும் இருந்தது. கால் துருப்பிடிக்கவில்லை. காலையும் மேல்சட்டத்தையும் சேர்த்த வெல்டு விட்டிருந்தது. அதுவும் துருவினால் இல்லை. தலைமுடி போல ஒரு கோடு, வெல்டின் ஓரமாகவே ஓடியிருந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. அதே மாதிரி ஒரு கோட்டை நாற்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். அதற்கு நானும் ஒரு காரணம்.

மறுநாள் வெல்டிங் பையன் வந்தான். பையன் என்றால் முப்பது வயது இருக்கும். மணலி பக்கம் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவன். ஓய்வு நாளில் இப்படி வீட்டு வேலைக்கும் வருவான். நல்ல கை. தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன இன்வெர்ட்டர் மிஷினோடு வந்தான். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலிருந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு ராடை எடுத்தான்.

"இது என்ன ராடு தம்பி?"

"செவன்டி எய்ட்டீன் சார். நீங்க போன்ல கேட்டதுதான். லோ ஹைட்ரஜன்."

"டப்பா எங்கே?"

"டப்பா சைட்ல இருக்குது சார். போன வாரம் ஒடச்சது."

"அப்படின்னா இது செவன்டி எய்ட்டீன் இல்லைப்பா."

அவன் ராடின் நுனியைத் திருப்பி, அதில் அச்சடித்த எண்ணைக் காட்டினான். அவனுக்குக் கொஞ்சம் கோபம் கூட. கிழவர் ஏதோ உளறுகிறார் என்று நினைத்திருப்பான். 7018 என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. வாரம் முழுக்க மழை. ராடு ஸ்கூட்டர் டிக்கியில். அவனிடம் நான் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மொட்டை மாடி வெயிலில் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை.

என் பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1962-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் படிப்பு சென்னையில் மத்திய அரசு குமாஸ்தா வேலைக்குக் காலணா பிரயோஜனப்படவில்லை. நான் எழுதும் ஆங்கில நோட்டைப் பார்த்து மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள். ஆபீசில் எனக்குப் பெயரே 'பிரெஞ்சு சார்'தான். ஆனால் ஒரே ஒரு பாடம், வேதியியல் வாத்தியார் சொன்ன ஒரு வார்த்தை, பிற்காலத்தில் உதவியது. ஹைட்ரஜனை அவர் 'இத்ரோஜேன்' என்பார். அது கிரேக்க வேரிலிருந்து பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1787-இல் வைத்த பெயர், லவாய்சியர் குழு வைத்தது, அர்த்தம் 'தண்ணீரைப் பிறப்பிப்பது' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். (லவாய்சியரும் ஒரு விதத்தில் நம் இனம். அரசாங்கத்துக்கு வரி வசூலிக்கும் குத்தகையில் பங்குதாரர். 1794-இல் அதற்காகவே தலையை வெட்டினார்கள். நமக்கு மெமோவோடு போயிற்று.)

தண்ணீரைப் பிறப்பிப்பது ஹைட்ரஜன் என்றால், தண்ணீரைப் பிளந்தால் வருவதும் அதுதான். இந்த ராடு விஷயம் முழுக்க இதற்குள் அடக்கம்.

வெல்டிங் ராடு என்பது நடுவில் ஒரு கம்பி, மேலே மாவு பூசினாற்போல் ஒரு பூச்சு. வெல்டிங் நெருப்பில் கம்பி உருகி இரும்போடு சேர்கிறது. பூச்சு எரிந்து புகையாகவும் கசடாகவும் மாறி, உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காக்கிறது. எந்தப் பூச்சு என்பதில்தான் ராடுக்கு ராடு வித்தியாசம். நம் தெருப் பட்டறைகளில் கேட், கிரில், ஷட்டர் எல்லாவற்றுக்கும் பயன்படுவது 6013. அது ரூட்டைல் என்ற தாதுவைக் கொண்ட பூச்சு. தொட்டதும் பற்றிக்கொள்ளும், கசடு தானே உரியும், வெல்டு பார்க்க அழகாக இருக்கும். அந்தப் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் வேண்டும். 7018-இன் பூச்சு வேறு: சுண்ணாம்புக் கல், ஃபுளோர்ஸ்பார் என்ற கல், இரும்புத் தூள். இதில் ஈரம் இருக்கக் கூடாது. பிரெஞ்சில் இதை 'பாசிக்' என்கிறார்கள், காரப் பூச்சு என்று பொருள். நம் இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 814-இல் குறியீட்டின் இரண்டாவது எழுத்து 'பி' என்று இருந்தால் இந்த வகை.

எண்ணைப் பிரித்துச் சொல்கிறேன், ஸ்டோர்ஸ் குமாஸ்தாவுக்கு எண்களில்தானே ருசி. 70 என்றால் வெல்டான இரும்பு ஒரு சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசை தாங்கும். அடுத்த 1, எந்த நிலையிலும், தலைக்கு மேலேகூட, வெல்டு செய்யலாம் என்பது. கடைசி 8-தான் பூச்சின் வகை: லோ ஹைட்ரஜன், இரும்புத் தூளோடு. ஐ.எஸ். முறையில் இதற்கும் மேலே ஒரு படி உண்டு. எச்-1, எச்-2, எச்-3 என்று போட்டிருக்கும். 100 கிராம் வெல்டு உலோகத்தில் நடமாடும் ஹைட்ரஜன் முறையே 15, 10, 5 மில்லிலிட்டருக்கு மேல் போகாது என்று அர்த்தம். எச்-3 தான் உசத்தி. கடையில் வாங்கும்போது இதைப் பார்த்து வாங்கலாம்.

வாங்கும்போது. அங்கேதான் நான் நாற்பது வருஷத்துக்கு முன்னால் தவறினேன்.

நான் வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் ஒரு பணிமனை. பெரம்பூரில் ரயிலேறி ராயபுரத்தில் இறங்கி நடப்பேன். கனமான சாமான்களைத் தூக்கும் கருவிகள், மேடைகள், படிகள் எல்லாம் அங்கே செய்வார்கள், பழுது பார்ப்பார்கள். கடல் கூப்பிடு தூரம். மேஜை மேல் வைத்த குண்டூசி டப்பா ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும். நான் ஸ்டோர்ஸ் பிரிவில் சரக்கு வரவு, பட்டுவாடா எழுதுபவன்.

1985 நவம்பர் மழை என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கிடங்கின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகி, கீழ் அடுக்கில் இருந்த ராடு டப்பாக்கள் நனைந்தன. நாற்பது டப்பாவுக்கு மேல். அட்டை ஊறிப் பிதுங்கியது. எல்லாம் 7018, சாதாரண ராடைவிட விலை கூடியது. கழித்துவிடலாம் என்றால் மூன்று அதிகாரிகள் கையெழுத்து, ஆடிட்டுக்குப் பதில், பொறுப்பு யாருடையது என்று ஒரு விசாரணை. "வெயில்ல காயப்போடுய்யா, இரும்புதானே" என்றார் மேலே இருந்தவர். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. மழை விட்டதும் சாக்கு விரித்து, வடகம் மாதிரி ராடுகளைப் பரப்பி வைத்தோம். இரண்டு நாளில் பார்க்கப் புதுசாகவே இருந்தது. 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் பணிமனையின் பெரிய வெல்டரை எல்லோரும் மேஸ்திரி என்போம். காசிமேட்டுக்காரர். இரண்டு கண் ஓரமும் எப்போதும் சிவந்தே இருக்கும். பட்டுவாடா சீட்டோடு வந்தவர் ஒரு ராடை எடுத்து விரலால் தட்டினார், காதுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டை உரசினார்.

"சார், இது நனைஞ்சது."

"காய வெச்சாச்சு மேஸ்திரி."

"வெயில் தண்ணியத்தான் சார் எடுக்கும். உள்ள குந்திக்கினு இருக்கிறத எடுக்காது. இத முந்நூறு டிகிரிக்கு மேல சுடணும். நனைஞ்சதுன்னா சுட்டாலும் ஆவாது. தூக்கிப் போடணும்."

"ஆடிட்டுக்கு நீங்க பதில் எழுதறீங்களா?"

நான் கேட்டது இதுதான். இன்றைக்கும் அந்த வார்த்தை என் காதில் கேட்கிறது. அவர் ஒன்றும் பேசாமல் சீட்டை நீட்டினார், நான் டப்பாவைக் கொடுத்தேன். எங்களிடம் அப்போது சுடும் அடுப்பு கிடையாது. மேஸ்திரி தானே ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே 200 வாட் பல்பு மாட்டி வைத்திருந்தார். காய்ந்த ராடை காய்ந்தபடி வைக்கத்தான் அது உதவும். ஈரம் ஏறியதை இறக்காது.

அந்த வாரம் அவருக்குக் கொடுத்த வேலை, பாரம் தூக்கும் ஒரு உத்திரத்தில் கொக்கி மாட்டும் காது. கனமான தகடு, 40 மில்லிமீட்டர் இருக்கும். சாயங்காலம் முடித்தார். கசடு தட்டிப் பார்த்தால் மீன் செதில் போல வரிசை. மறுநாள் காலையிலேயே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று அவசரம். மேஸ்திரி மட்டும் முடியாது என்றார். "ரெண்டு நாள் வுடுங்க. அப்புறம் பாத்துட்டுத் தூக்குங்க." நல்லா இருக்கிற வெல்டை எதற்குக் காக்க வைக்கிறாய் என்று சத்தம் போட்டார்கள். மனிதர் உத்திரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மதியம் சாப்பாட்டையும் அங்கேயே சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வெல்டைச் சுத்தமாகத் தேய்த்து மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டிருந்தார். அதைத் துணியால் துடைத்துவிட்டு, சுண்ணாம்பைச் சாராயத்தில் குழைத்து மெல்லிசாகப் பூசினார். பழைய ரயில்வே பட்டறைகளில் எஞ்சின் அச்சுகளைச் சோதித்த முறை இதுதான் என்று பிற்பாடு படித்தேன். சுண்ணாம்பு காய்ந்தது. வெள்ளைப் பரப்பில், வெல்டின் ஓரத்தை ஒட்டி, ஈரமான ஒரு கோடு மெல்ல எழுந்தது. ஒரு சாண் நீளம். முந்தின முந்தின நாள் சாயங்காலம் நான் என் கண்ணால் பார்த்தபோது இல்லாத கோடு.

அந்த உத்திரத்தின் கீழே ஆறேழு கலாசிகள் நின்று வேலை செய்வார்கள்.

"நீங்க கையெழுத்து போட்டீங்க, நான் பத்த வெச்சேன்" என்றார் மேஸ்திரி. "ரெண்டு பேரும்தான் சார்." அதற்கு மேல் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏன் இரண்டு நாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகு தேடித் தேடிப் படித்தேன். பூச்சில் உள்ள ஈரம் வெல்டிங் நெருப்பில் பிளந்து, ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் கரைந்துவிடுகிறது. இரும்பு இறுகும்போது அதில் ஒரு பகுதி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது, கெட்டி இரும்புக்குள்ளேயும் ஊர்ந்து நகரும். நகர்ந்து நகர்ந்து, வெல்டுக்குப் பக்கத்தில் சூடுபட்டு விறைத்துப்போன இரும்பில், எங்கே இழுவிசை அதிகமோ அங்கே சேர்கிறது. சேர்ந்த இடத்தில் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. இதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அதனால்தான் முக்கியமான கனத்த வேலைகளில் 48 மணி நேரம் கழித்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். தகடு கனமாக இருந்தால் வெல்டின் சூட்டை அது சட்டென்று உறிஞ்சி, அந்தப் பக்கம் விறைத்துப்போகும். கார்பன் கூடின இரும்பென்றால் இன்னும் மோசம். அதனால்தான் கனத்த தகடுகளை வெல்டுக்கு முன்னால் சூடேற்றிக்கொள்கிறார்கள். மெல்லிசான கிரில் கம்பிக்கு இந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. ஆகவே கிரில்லுக்கு 7018 கேட்டு யாரும் அடம்பிடிக்க வேண்டாம், காசு தண்டம்.

உலகத்தில் பெரிய பாலங்களே இப்படிப் போயிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கிங் ஸ்ட்ரீட் பாலம் 1961-இல் திறந்து, அடுத்த வருஷம் ஜூலை 10-ஆம் தேதி, குளிர்காலக் காலை ஒன்றில், ஒரு கனரக லாரி ஏறியதும் உத்திரம் முறிந்து தொங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. விசாரணைக் கமிஷன் பார்த்தபோது, கூடுதல் வலுவுள்ள எஃகில் வெல்டு முடியும் இடங்களை ஒட்டி வெடிப்புகள். பாலம் ஏறுவதற்கு முன்பே, செய்த பட்டறையிலேயே விழுந்தவை. யாரும் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஒரு மேஸ்திரி வாய்க்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நாங்கள் குடியிருப்பது என்னவோ வெல்டிங் ஊரில்தான். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு வந்து தொடங்கி வைத்த ஐ.சி.எஃப். அதற்கு முன்னால் நம் ரயில் பெட்டிகள் இரும்புச் சட்டத்தின் மேல் மர உடம்பு. சுவிட்சர்லாந்து ஷ்லீரன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு இங்கே செய்தவை முழுக்க எஃகு, வெல்டு செய்து ஒரே கூடாக்கிய உடம்பு. அந்த மாதிரிப் பெட்டி 2018 வரை செய்தார்கள். அந்தத் தொழிற்சாலையின் சங்கு கேட்டுக் கடிகாரம் வைத்த எத்தனை குடும்பம் இங்கே! ஆனாலும் நம் தெருவில் ராடு இன்னும் ஸ்கூட்டர் டிக்கியில்தான் பயணம் செய்கிறது.

சரி, ஆடிட் கதையை முடித்துவிடுகிறேன். அந்தக் கோட்டைப் பார்த்த அன்றே நான் நோட்டு எழுதினேன். முன்பு எழுதியது தவறு, நனைந்த டப்பா அத்தனையும் உபயோகத்துக்கு லாயக்கற்றது, கழிக்க வேண்டும், ராடு சுடும் அடுப்பு ஒன்று வாங்க வேண்டும் என்று. என் ஆங்கிலத்தில் எழுதிய மிக நல்ல நோட்டு அது. அடுப்பு வந்தது. ஒன்றரை வருஷம் கழித்து ஆடிட் கேள்வியும் வந்தது: வெல்டிங் ராடு இரும்புப் பொருள், அதைச் சுடுவதற்கு அடுப்பு எதற்கு? விளக்கம் தருக. நான்கு முறை பதில் எழுதினேன். கழித்த ராடுக்கு என் சம்பளத்தில் ஒரு சின்னத் தொகையை மாதாமாதம் பிடித்தார்கள். 'சுத்யூர்' என்றால் பிரெஞ்சில் வெல்டு. பழைய நெல் தீர்ந்து புது நெல் வரும் வரை உள்ள பஞ்ச காலத்தை ஒட்டுப்போடுவதற்கும் அதே வார்த்தைதான். அந்த வருஷம் மாதக் கடைசி எல்லாம் எங்கள் வீட்டில் சுத்யூர் நடந்தது. எனக்கு அந்தப் பிடித்தத்தில் வருத்தம் இல்லை.

அடுப்பு வந்தபின் மேஸ்திரி எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது. புது டப்பா உடைத்தால் டப்பாவில் கம்பெனிக்காரன் எழுதியிருக்கிற சூட்டில் சுட வேண்டும். பெரும்பாலும் 300-லிருந்து 350 டிகிரி, ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம். சுட்டதை எடுத்து 120 டிகிரிக்குக் குறையாத பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். வெல்டர் தன்னோடு கொண்டுபோவது ஒரு சின்னச் சூட்டுக் குழாய், கிவர் என்பார்கள், அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் விதிப்படி சாதாரண 7018 வெளியே இருக்கலாம் என்பது 4 மணி நேரம். ஈரம் தாங்கும் தனி வகைக்கு 9 மணி. அதைத் தாண்டினால் மறுபடி சுடலாம், அதுவும் ஒரே ஒரு தடவை. நனைந்தது, நனைந்ததுதான். 6013-ஐ இப்படிச் சுட்டால் அது கெட்டுவிடும், இதையும் அவர் இரண்டு தடவை சொன்னார்.

இப்போது மொட்டை மாடிக்கு வருவோம். பையன் தண்டவாளக் காலோடு புதுச் சட்டத்தை வைத்து வெல்டு பண்ணிவிடலாம் என்றான். வேண்டாம் என்றேன்.

"ரயில்வேயிலேயே தண்டவாளத்த வெல்டு பண்றாங்களே சார்."

பண்ணுகிறார்கள். தெர்மிட் முறையில், முனைகளை முதலில் நன்றாகச் சூடேற்றி, அளந்து, பார்த்துப் பண்ணுகிறார்கள். சாதாரணக் கட்டுமான எஃகில் கார்பன் நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவு. தண்டவாளத்தில் அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. அந்த இரும்பு முன்சூடு இல்லாமல், அதுவும் ஈரமான ராடில் பட்டால், வெல்டின் ஓரம் விறைத்து வெடிக்காமல் என்ன செய்யும்? எங்கள் ஸ்டாண்டில் அந்தக் கோடு எப்போது விழுந்தது என்று சொல்ல முடியாது. போட்ட மூன்றாம் நாளே விழுந்து, 40 வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. என் மாமனார் கெட்டிக்காரர், ஆனால் கெட்டியான இரும்பு நல்ல இரும்பு என்று நம்பியவர்.

நான்கு தண்டவாளமும் காயலான் கடைக்குப் போனது. 100 மில்லிமீட்டர் சேனலில் நான்கு புதுக் கால், அடியில் 12 மில்லிமீட்டர் தகடு, கான்கிரீட்டில் போல்ட். ராடுக்கு என்ன செய்வது? நம்மிடம் அடுப்பு இல்லையே. நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். மகள் வாங்கிக் கொடுத்த கேக் சுடும் அவன் ஒன்று சும்மா இருக்கிறது. "கிட்ட வந்தீங்கன்னா தெரியும்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதுதான் சரி. அது 250 டிகிரிக்கு மேல் போகாது, பூச்சில் உள்ள ஃபுளோரைடு தூள் சாப்பாட்டு அடுப்பில் விழவும் கூடாது. ஆகவே காற்று இழுத்து ஒட்டின சின்ன பாக்கெட்டாக வாங்கி வரச் சொன்னேன். விலை கூடுதல். ஆனால் பிரித்த உடனே போட்டுவிடலாம், சுட வேண்டாம். அடைப்பு விட்டுப் பாக்கெட் தொளதொளவென்று இருந்தால் மட்டும் வாங்காதே என்றேன். வீட்டு வேலைக்கு இதுதான் நல்ல வழி. மணலியில் உடைத்த ராடை என்ன செய்வது என்று கேட்டான். ஏணியின் கைப்பிடிக்கு வைத்துக்கொள் என்றேன்.

வேலையை ஒழுங்காகச் செய்தான். சேனலின் பெயிண்டையும் துருவையும் பளபளவென்று கிரைண்டர் போட்டு எடுத்தான். துருவிலும் ஈரம் உண்டு, எண்ணெயிலும் ஹைட்ரஜன் உண்டு, ராடு மட்டும் காய்ந்திருந்து என்ன பயன்? 3.15 ராடு, 110 ஆம்பியர் பக்கம், ராடைப் பிளஸ்ஸில் மாட்டினான். ராடின் நுனியை இரும்போடு ஒட்டினாற்போல் வைத்து இழுத்தான். இந்த ராடைத் தூரப் பிடித்தால் காற்று புகுந்து குமிழி குமிழியாக வரும். பாதியில் நிறுத்தினால் நுனியில் கசடு கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும், மறுபடி பற்றாது. அவன் ஒவ்வொரு தடவையும் நுனியைத் தட்டிவிட்டு, கொஞ்சம் முன்னால் பற்ற வைத்து, பின்னால் வந்து அப்புறம் முன்னேறினான். மேஸ்திரியும் இப்படித்தான் செய்வார். பார்த்துக்கொண்டே இருந்தேன். நேராகப் பார்க்கவில்லை, அவன் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான். "சின்னப் புள்ளயா நீங்க" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

முடித்ததும், "தொட்டிய ஏத்தி மோட்டார் போட்டுரலாமா ஐயா?" என்றான். காலையில் 'சார்', சாயங்காலம் 'ஐயா'.

"ரெண்டு நாள் வுடு" என்றேன். சேனலுக்கு அது தேவையில்லை என்று ஒரு எஞ்சினியர் சொல்லலாம். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நான் விடவில்லை. இரண்டு நாளும் கீழே சம்ப்பிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். என் மனைவி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் அவனே வந்துவிட்டான், கூப்பிடாமலே. மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது? பரணில் பழைய பாட்டில் ஒன்றில் கால் பங்கு இருந்தது. வெல்டு ஓரமெல்லாம் தடவி, காபி குடித்துவிட்டு வந்து துடைத்தோம். சாராயத்துக்குப் பதில் ஸ்பிரிட்டில் சுண்ணாம்பைக் குழைத்தேன். கை நடுங்குகிறது என்று பிரஷ்ஷை அவன் வாங்கிக்கொண்டான். காய்வதற்கு நேரம் எடுத்தது, மேகமூட்டம். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே சந்தில் பக்கத்து வீட்டுச் சின்னது சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தது.

நான்கு காலும் வெள்ளையாகவே இருந்தது. அவன் இறங்கிப்போய் மோட்டாரைப் போட்டான்.